கிரீஸ் எட்டிப் பாக்கணும்

பைய அந்தப் பக்கமா வைங்க அண்ணாச்சி, அதுல மோர்ப்பாட்டில் கெடக்கு, சாஞ்சா ரீலு மேல கொட்டிரும். ரீலச் சுத்தியிருக்க துண்ட நான் அவுக்கேன். உங்களுக்கு நாப்பது வயசு இருக்குமா? எனக்கு அறுபத்துமூணு. இருந்தாலும் அண்ணாச்சின்னுதான் வாய்ல வரும், தூத்துக்குடிக்காரன் வாய் அப்படிப் பழகிப் போச்சு. தப்பா எடுத்துக்கிடாதீங்க.

இதுதான் அந்தத் தூண்டில் ரீலு. ஜப்பான்காரன் செஞ்சது. ஒடனே தொறந்துறாதீங்க. மொதல்ல நான் சொல்லுதத கேட்டுருங்க. நான் இத ரிப்பேருக்குக் கொண்டு வரல. நீங்க தொறந்து பாக்கணும். பாத்துட்டு, "இது கம்பெனியிலேருந்து வரும்போதே கோளாறு"ன்னு உங்க கடை லெட்டர்பேடுல நாலு வரி எழுதி, சீல் போட்டுத் தரணும். அதுக்குத்தான் காலையில அஞ்சரை பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்கு வந்திருக்கேன். எங்க ஊர் தூண்டில் கடைக்காரரு உங்க பேரச் சொன்னாரு. கடலே இல்லாத ஊர்ல மீன் ரீலுக்கு டாக்டரான்னு கேட்டேன். போய்ப் பாருங்க, கேரளாக்காரன்கூட அவருக்குத்தான் பார்சல் அனுப்புதான்னாரு.

லெட்டரு யாருக்குன்னா, எம் மகளுக்கு. கனி. அவகிட்ட காட்டணும். கோர்ட்டு கேஸு எல்லாம் ஒண்ணும் கெடையாது, பயப்படாதீங்க.

எம் பேரு வெயிலுமுத்து. பஸ் டெப்போவுல முப்பத்தோரு வருசம் கிரீஸ் அடிச்சவன். மெக்கானிக் இல்ல, எலெக்ட்ரீசியன் இல்ல. கிரீஸ் மட்டுந்தான். குழிக்குள்ள எறங்கி நிக்கணும், தலைக்கு மேல பஸ்ஸு நிக்கும், அச்சுல கிரீஸு ஏத்துத ஓட்டைக்கு நிப்பிள்னு பேரு, நிப்பிள் நிப்பிளா கிரீஸ் கன்ன வச்சு அடிக்கணும். எங்க வேலையில சட்டம் ஒண்ணுதான். பழைய கிரீஸ் வெளிய வந்து எட்டிப் பாக்கணும். எட்டிப் பாத்தாத்தான் புதுசு உள்ள போயி நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். அது எட்டிப் பாக்காம நான் ஒரு நாளும் கன்ன எடுத்தது கெடையாது. நான் பாத்த வண்டி ஒண்ணுகூட அச்சு இறுகி ரோட்டுல நின்னதில்ல. யாரையும் கேட்டுப் பாருங்க.

இந்த ரீலு எங்க மாப்பிள்ளையோடது. கனி வீட்டுக்காரரு. ஐகோர்ட்துரைன்னு பேரு. சிரிக்காதீங்க, எங்க பக்கம் அது சாமி பேரு. மஸ்கட் பக்கம் ஒரு துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு. அங்க உள்ளவன் பேரக் கேட்டுட்டு, நீ வக்கீலாடான்னு கேட்டானாம். அம்பது அடி உயரத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, வலது கையில ஒரு லிவரு, எடது கையில ஒரு லிவரு. லிவரு தலையில பொத்தான் இருக்காம். விரல இம்புட்டு அசைச்சா அங்க பெட்டி ஒரு அடி நகருமாம். நகத்தால கோலப்புள்ளி வைக்கத மாதிரி வேலை மாமான்னு சொல்லுவாரு. அந்த வேலைக்கு விரலுதான் எல்லாம். அத மனசுல வச்சுக்கிடுங்க.

மாப்பிள்ளைக்கு ஒரே கிறுக்கு தூண்டில். குடி கெடையாது, சீட்டு கெடையாது. லீவுக்கு வந்தா சாயங்காலம் கம்பத் தூக்கிக்கிட்டு, கடலுக்குள்ள நீட்டிப் போட்டிருக்க கல்லுப் பாலத்துக்குப் போயிருவாரு. நானும் கூடப் போவேன். ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்த பேசாம உக்காந்திருப்போம். மாமனாரும் மருமகனும் அப்படி இருக்கது லேசா? எங்க வீட்டுல சொல்லுவா, நீங்க ரெண்டு பேரும் முற்பிறவியில ஒரே குழியில கிரீஸ் அடிச்சிருப்பீங்கன்னு.

போன தடவ வந்தப்ப வேற ஒரு ரீலு கொண்டாந்தாரு. போகும்போது, இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, அடுத்த லீவுக்கு எடுத்துக்கிடுதேன்னு குடுத்துட்டுப் போனாரு. நான் அத வேட்டித் துணியில சுத்தி அலமாரி மேல வச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு கையே வைக்கல. ரெண்டு வருசம் கழிச்சு வந்து எடுத்தா, கைப்பிடி சுத்தல. மேலெல்லாம் வெள்ள வெள்ளையா பூத்துக் கெடக்கு. கம்பியத் தொட்டா பொடிப் பொடியா உதுருது. எங்க ஊருக் காத்து அப்படி அண்ணாச்சி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பி மூணு வருசத்துல ஊதிப் போவும். பீரோச் சாவியவே எண்ணெய்த் துணியில முடிஞ்சுதான் வைக்கோம். இது தெரிஞ்ச நானே, கிரீஸுல பொழச்ச நானே, அந்த ரீல அப்படி விட்டுட்டேனே! மாப்பிள்ளை என்ன சொன்னாரு தெரியுமா? "விடுங்க மாமா, பழசுதானே"ன்னாரு. ஒரு வார்த்த ஏசிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் இந்தப் புது ரீல எடுத்துக் காட்டுனாரு. "இது கெடாது மாமா, கம்பெனியிலயே ட்ரீட்மென்ட் பண்ணது"ன்னாரு. வெளிய உப்பு பிடிக்காத பூச்சாம், உள்ள தண்ணி ஒட்டாத எண்ணெயாம், மூட்டுக்கு மூட்டு ரப்பர் வச்சு அடைச்சிருக்கானாம். நாம தொறக்கவே கூடாதாம். கடல்லேருந்து வந்தா நல்ல தண்ணியில லேசா அலசி, துடைச்சு, நிழல்ல காய வச்சா போதுமாம். நான் சரின்னு தலையாட்டுனேன். ஆனா மனசுக்குள்ள என்ன நெனச்சேன்னா, ஜப்பான்ல இருக்கவன் தூத்துக்குடிக் காத்தப் பாத்தானா?

மாப்பிள்ளையும் கனியும் ரெண்டு நாள் திருச்செந்தூர் போனாக. ரீலு எங்க வீட்டுல இருந்துச்சு. நான் பேப்பர விரிச்சு உக்காந்துட்டேன்.

மொதல்ல பக்கவாட்டு மூடியக் கழட்டுனேன். உள்ள பல்லுச்சக்கரம். அதுல கிரீஸு எப்படி இருந்துச்சு தெரியுமா? பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வச்ச மாதிரி, அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு. இதுக்குப் பேரு ட்ரீட்மென்ட்டாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அப்புறம் முன்னால சுத்துத கிண்ணத்தக் கழட்டுனேன், பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் போட்டு. அதுக்கு அடியில மூணு திருகாணி போட்டு ஒரு வளையம். வளையத்துக்குள்ள சின்னச் சின்ன உருளை, ஒவ்வொண்ணுக்கும் ஊசி மாதிரி ஒரு ஸ்பிரிங்கு. உங்களுக்குத் தெரியும்லா. அந்த வளையத்துல ஒரு பொட்டு கிரீஸு கெடையாது அண்ணாச்சி! சுத்தமா காஞ்சு கெடக்கு. பந்தியில எல்லாருக்கும் சோறு போட்டுட்டு ஒரு பிள்ளைய மட்டும் விட்ட மாதிரி. எனக்கு மனசே கேக்கல.

நீலக் கிரீஸு நல்ல டப்பாவா ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். லாரிச் சக்கரத்துக்குப் போடுவாகள்லா, அது. அத எடுத்து எல்லாத்துலயும் அமுக்குனேன். அந்த வளையத்துல எக்ஸ்ட்ராவா அமுக்குனேன். இடுக்குல எல்லாம் எட்டிப் பாக்க வரைக்கும். மூடித் துடைச்சுட்டுச் சுத்திப் பாத்தா, ஏ யப்பா, வெண்ணெய்! முன்னாடி கைப்பிடியப் பின்னாலத் தள்ளுனா டக்குன்னு ஒரு சத்தத்தோட நிக்கும். இப்போ அந்த டக்கே இல்ல. மெத்துன்னு வந்து நிக்குது. எங்க வீட்டுலகிட்ட காட்டுனேன். பாத்தியா, சத்தமே இல்லன்னேன். அவளும் ஆமான்னா.

மாப்பிள்ளைகிட்ட மறைக்கல. கல்லுப் பாலத்துல வச்சுச் சொன்னேன். "மாப்பிள்ளை, இனி அம்பது வருசத்துக்கு இதுக்கு உப்புப் பயமே இல்ல, உள்ளயும் வெளியயும் கிரீஸு வச்சிருக்கேன்"னேன். அவரு கைப்பிடியப் பின்னால ஒரு தடவ தள்ளிப் பாத்தாரு. "அந்த வளையத்துலயுமா மாமா?"ன்னாரு. "அதுலதான் மொதல்ல"ன்னேன். "சரி மாமா"ன்னு சொல்லிட்டுத் தூண்டில வீசுனாரு. அவரு அப்படித்தான். உள்ளுக்குள்ள சந்தோசம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு.

அன்னைக்குன்னு பாத்து ஒரு பாரை மீனு மாட்டுச்சு. எப்படியும் பதினஞ்சு கிலோ இருக்கும். கம்பு வில்லா வளையுது. மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னு சுத்துதாரு, மீனு இழுக்கு, இவரு சுத்துதாரு. திடீர்னு கைப்பிடி பின்னாலச் சுத்துச்சு அண்ணாச்சி! ஃபேன் இறக்கை மாதிரி. அவரு கையத் தட்டி விட்டுட்டு அது பாட்டுக்குப் பின்னாலச் சுத்துது. தங்கூசி நூலு பூராவும் ஓடுது. அவரு பிடிச்சு நிப்பாட்டப் போனாரு. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கைப்பிடிக்கும் கம்புக்கும் நடுவுல போயிருச்சு. நான் என்ன செஞ்சேன்? பக்கத்துல நின்னு "விடுங்க, விடுங்க"ன்னு கத்துனேன். அறுத்து விட ஒரு கத்தி இல்ல எங்கிட்ட. தங்கூசியக் கையால பிடிச்சுப் பாத்தேன், உள்ளங்கையக் கிழிச்சுட்டுப் போயிருச்சு, இந்தா தழும்பு. வேற ஒண்ணும் செய்ய முடியல. சும்மா நின்னேன். மீனு தானா அறுத்துக்கிட்டுப் போன பிறகுதான் அது நின்னுச்சு.

ரெண்டு விரலும் ஒடஞ்சு, உள்ள நரம்பும் அறுந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. கம்பி வச்சுக் கட்டுனாரு. ஒரு மாசம் கழிச்சுக் கம்பிய எடுத்தாச்சு. எலும்பு கூடிருச்சு, ஆனா விரலு மடங்கல. ரெண்டும் குச்சி மாதிரி நிக்கி. தெனமும் காலையில நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், மெழுக உருக்கி அதுக்குள்ள கைய முக்கச் சொல்லுதாக, அப்புறம் அங்க பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு விரலப் பிடிச்சு மடக்குது. மாப்பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வந்துரும், வாயத் தொறக்க மாட்டாரு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். வேற என்ன செய்ய? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாள் கேட்டேன், ஏதாவது தைலம் போட்டா எளகுமா தாயின்னு. தைலம் எல்லாம் உள்ள போகாது தாத்தான்னுட்டு. இன்னும் சட்டைப் பொத்தான் கனிதான் போட்டு விடுதா. எடது கையாலதான் சாப்பிடுதாரு.

வாற பதினெட்டாம் தேதி மெட்ராஸ்ல மெடிக்கலு. கம்பெனிக்காரன் ரெண்டு தடவ லீவ நீட்டிக் குடுத்துட்டான், இனி நீட்ட மாட்டான். அங்க ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொல்லுவானாம். அமுக்குனா மஸ்கட்டு. அமுக்கலன்னா வேற ஆள். இன்னைக்கு ஒம்போது. நேத்து வரைக்கும் அந்தப் பந்து அவரு கையில பூ மாதிரி உக்காந்துதான் இருக்கு, அமுங்கல.

சரி, நான் வந்த விசயத்துக்கு வாறேன். ஆஸ்பத்திரியில வச்சு மாப்பிள்ளை என்ன சொன்னாரு? "பாசியில கால் வழுக்கி, கை கம்புக்கு இடையில மாட்டிருச்சு"ன்னாரு. நான் அங்க நிக்கேன்! "இல்ல மாப்பிள்ளை, கைப்பிடி பின்னாலச் சுத்துச்சு, நான் கண்ணால பாத்தேன்"னு சொல்லுதேன். "இல்ல மாமா, வழுக்கிட்டேன்"ங்காரு. நான் திரும்பவும் சொல்லுதேன். அவரு திரும்பவும் "வழுக்கிட்டேன்"ங்காரு. பாருங்க அண்ணாச்சி, ரெண்டு விரலு போயும் மனுசன் அந்தக் கம்பெனிய விட்டுக் குடுக்க மாட்டேங்காரு. ரீலு மேல அப்படி ஒரு பிரியம். ஜப்பான்காரன் இவருக்கு என்ன மாமனா மச்சானா?

கனி உடனே என்னப் பாத்துக் கேட்டா. "அப்பா, நீங்க அந்த ரீலத் தொட்டீங்களா?" மாப்பிள்ளை முந்திக்கிட்டு, "மாமா தொடவே இல்ல"ங்காரு. அதென்ன, நான் தொடாம என்ன? "தொட்டேன்மா, நல்லா கிரீஸு வச்சேன், அது இல்லன்னா இதவிட மோசமா ஆயிருக்கும்"னேன். அன்னைக்குத் திரும்புன மூஞ்சி. அம்பது நாளாச்சு. சோத்தத் தட்டுல போட்டு வச்சுட்டு உள்ள போயிருதா. அப்பான்னு ஒரு வார்த்த இல்ல. ஒத்தப் பிள்ள அண்ணாச்சி. நான் குழியிலேருந்து கிரீஸும் கையுமா வீட்டுக்கு வந்தா, அந்தக் கையோடயே தூக்கச் சொல்லி அழுத பிள்ள. அது எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கு. என்னால தாங்க முடியல.

அதான் முந்தா நாள் சொல்லிட்டேன். மதுரைக்குக் கொண்டு போயி விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட தொறந்து காட்டி, கம்பெனிக் கோளாறுன்னு எழுதி வாங்கிட்டு வாறேன், அப்புறமாச்சும் நம்புதியான்னு கேட்டேன். கனி திரும்பிப் பாத்தா. "எழுதி வாங்கிட்டு வாங்க, பாக்கலாம்"னா. அம்பது நாளைக்கப்புறம் எங்கிட்ட பேசுன மொத வார்த்த அதான். அதுக்காகவே நான் காசிக்குக்கூடப் போவேன்.

மாப்பிள்ளைதான் வேண்டாம் வேண்டாம்னாரு. "எதுக்கு மாமா அலையுதீங்க, நான்தான் வழுக்குனேன்னு சொல்லுதேம்லா"ன்னாரு. நான் கேக்கல. சரின்னு விட்டுட்டாரு. நேத்து மத்தியானம், "ரீல ஒருக்கா குடுங்க மாமா, பாத்துட்டுத் தாரேன்"ன்னு வாங்கிட்டுப் போயி கதவச் சாத்திக்கிட்டாரு. மூணு மணி நேரம். கனியும் அவ அம்மையும் துணி எடுக்கப் போயிருந்தாக. நான் போயித் தொந்தரவு பண்ணல. இனி கம்பு பிடிக்க முடியுமோ முடியாதோ, ஆச தீரத் தடவிப் பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் வெளிய வந்தாரு, சட்டையெல்லாம் வேர்வை. "இந்தாங்க மாமா, கொண்டு போங்க"ன்னு குடுத்தாரு.

எங்க வீட்டுலயும் இப்பம் எல்லாம் தல கீழதான் கெடக்கு. புண்ணு துடைக்க வச்சிருந்த ஸ்பிரிட்டு ஒரே நாள்ல காலி. எம் பெட்டியில பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரு பத்தாம் நம்பர் எடத்துல கெடக்கு. முப்பத்தோரு வருசத்துல எம் பெட்டியில ஸ்பேனரு எடம் மாறுனதில்ல. எங்க வீட்டுலதான் எடுத்து ஆணி அடிச்சிருப்பான்னு ஏசிட்டேன். சத்தியமா நான் தொடலன்னு அவ அழுதுட்டா.

சரி, இப்பம் தொறங்க.

பாத்தீங்களா, பாத்தீங்களா! மூடியத் தொறந்தவொடனே எட்டிப் பாக்கு பாருங்க நீலக் கிரீஸு! ரெண்டு மாசமாச்சு, ஒரு சொட்டு தண்ணி ஏறிருக்கா? துரு இருக்கா? கண்ணாடியப் போட்டே பாருங்க. இதாக்கும் வேலை. ஏன் தலைய ஆட்டுதீங்க? கூடுதலா? கூடுதலா இருந்தா என்ன, கொறையாத்தான் இருக்கக் கூடாது.

ம், அந்தக் கிண்ணத்தக் கழட்டுங்க. பன்னெண்டு போடுங்க. ஆங்.

என்னது? இல்லியே, எனக்கப்புறம் யாரும் தொறக்கல. நான் மூடுனேன், அன்னைக்குக் கடலுக்குக் கொண்டு போனோம், அதுக்கப்புறம் துண்டுல சுத்தி எங்கிட்டதான் இருக்கு.

வளையத்துல கிரீஸு இல்லியா? என்ன அண்ணாச்சி வெளையாடுதீங்க? அதுலதான் மொதல்ல வச்சேன், நெறைய வச்சேன். நான் அங்க வைக்காம விட்டுட்டேன்னா சொல்லுதீங்க? இந்தக் கை முப்பத்தோரு வருசத்துல ஒரு நிப்பிள விட்டதில்ல. தள்ளுங்க, நான் பாக்கேன்.

ஆமா. இல்ல. ஒரு பொட்டு இல்ல. சுத்திலும் நீலமா நிக்கி, இது மட்டும் கழுவித் துடைச்சு, பளிச்சுன்னு கெடக்கு. எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருக்கா? ஆமா, மினுங்குது. பஞ்சுகூட ஒரு இழை ஒட்டியிருக்கு. இது எப்படி? கிரீஸு என்ன ஆவியாவா போகும்?

அங்க கிரீஸு வைக்கவே கூடாதா? ஏன்?

கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. இந்த உருளைக, கைப்பிடியப் பின்னால போக விடாம அச்சக் கவ்விப் பிடிக்கணும். காஞ்சிருந்தாத்தான் கவ்வும், மிஞ்சிப் போனா ஒரு சொட்டு எண்ணெய். கட்டிக் கிரீஸு வச்சா வழுக்கும். சும்மா கையால தள்ளுனா நிக்கும், பெரிய மீனு இழுத்தா விட்டுரும். அதனாலதான் கம்பெனிக்காரன் அத மட்டும் காய விட்டிருக்கான்.

மெத்துன்னு நிக்குதுன்னு நான் சொன்னது... ஆமா. அதுதானா?

இப்பம் தள்ளிப் பாருங்க. டக்குன்னு நிக்குது. இன்னொருக்கா தள்ளுங்க. டக். நல்லா நிக்குதே அண்ணாச்சி. ஒரு கோளாறும் இல்லியே.

அந்த மூணாவது திருகாணியில என்ன? தலை சிதைஞ்சிருக்கா. கோணலா ஏறியிருக்கா. நான் அப்படிப் போட மாட்டேன். எங்கையில திருகாணி கோணாது. இது பழக்கமில்லாத கையால போட்டது. எடது கை.

ஒரு நிமிசம் இருங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிடுதேன். தண்ணி வேண்டாம், மோர் இருக்கு. வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

ஸ்பேனரு அவருதான் எடுத்திருக்காரு. ஸ்பிரிட்டும் அவருதான். ரீலத் தொடை இடுக்குல வச்சு நெருக்கிப் பிடிச்சிருப்பாரு. இத்தனூண்டு ஸ்பிரிங்கு, அத ஒவ்வொண்ணா எடுத்து, அந்தக் குச்சி விரல வச்சுக்கிட்டு... சட்டைப் பொத்தான் போட முடியாத மனுசன் அண்ணாச்சி. மூணு மணி நேரம். ஆச தீரத் தடவுதாருன்னு நான் வெளிய உக்காந்து காப்பி குடிச்சேன்.

அவருக்கு அன்னைக்கே தெரியும். கல்லுப் பாலத்துல "அந்த வளையத்துலயுமா மாமா"ன்னு கேட்டாரே, அப்பமே தெரியும். தெரிஞ்சும் வீசுனாரு. வேண்டாம்னா எம் மனசு வருத்தப்படும்னு வீசுனாரு. வழுக்கிட்டேன் வழுக்கிட்டேன்னு அம்பது நாளா சொல்லுதாரே, நான் அவர ஜப்பான்காரனுக்கு வக்காலத்து வாங்குதாருன்னு கேலி பண்ணேன். ஊரு பூரா சொல்லிச் சிரிச்சேன். பாவி நான்.

நான் செஞ்சதுதான் அண்ணாச்சி. நான்தான். நல்லது செய்யுதேன்னு செஞ்சேன். அந்தப் பழைய ரீலு பூத்துப் போச்சேன்னு செஞ்சேன். அது இப்பம் விரல மடக்கிருமா?

லெட்டர்பேட எடுக்காதீங்க. என்ன எழுதுவீங்க? கோளாறு இல்லன்னு எழுதுவீங்க. அதான் அவருக்கும் வேணும். நீங்க பாத்துட்டு ரீலு நல்லா இருக்குன்னு சொல்லணும், அப்பம் கனி, சரி, வழுக்கித்தான் விழுந்திருக்காருன்னு நம்பணும், எங்கிட்ட பேசணும். அதுக்குத்தான் அவரு உக்காந்து துடைச்சிருக்காரு. நான் போயி, இல்லம்மா, நான்தான்னு சொன்னா, மனுசன் அந்தக் கைய வச்சுக்கிட்டுப் பட்ட பாடு அம்புட்டும் வீணாப் போவும். சொல்லாம இருந்தா, அவ என்ன அப்பான்னு கூப்பிடுவா. அவ கூப்பிடக் கூப்பிட எனக்குச் சோறு எறங்குமா? என்ன செய்ய அண்ணாச்சி? நீங்க படிச்சவரா தெரியுதீங்க, சொல்லுங்க. எனக்குக் கிரீஸு அடிக்கத் தவிர ஒண்ணும் தெரியாது. அதுவும் தெரியலன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு.

போன் அடிக்குது. எனக்குத்தான். பாருங்க யாருன்னு, கண்ணாடி பையில இருக்கு. கனியா? அடிக்கட்டும். கொஞ்ச நேரம் அடிக்கட்டும். அவளா எனக்குப் போன் பண்ணி அம்பது நாளாச்சு.

நீங்க மூடிருங்க. மத்த எடத்துல கூடுதலா இருக்க கிரீஸ வேணும்னா வழிச்சுருங்க, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யுங்க. அந்த மூணாவது திருகாணிய மட்டும் நேராக்கிறாதீங்க. புதுசும் போட வேண்டாம். அவரு எப்படிப் போட்டிருந்தாரோ அப்படியே போடுங்க. நான் பாத்தேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் சாச்சு. ஆங், அப்படித்தான் இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்.